சீட்டில் யாருடைய எண்?

கேள்வி: ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 4 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். விற்பனைச் சீட்டில் யாருடைய ஊழியர் எண் இருக்கிறதோ, அவருக்கு அந்தப் புடவைக்கான இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) போகும். நான் மணிக்கணக்கில் விரித்துக் காட்டிய புடவைக்கு, கடைசி நேரத்தில் வரும் சீனியர் அக்கா தன் எண்ணைச் சீட்டில் எழுதிவிடுகிறார். ஆத்திரத்தில் போன மாதம் நானும் ஒரு புதுப் பெண்ணுக்கு அதையே செய்துவிட்டேன். சூப்பர்வைசரிடம் புகார் செய்யலாமா?
- ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: அன்புள்ள சகோதரி, புதுப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். மறைக்காமல் எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் பக்கம் நிற்கிறேன்.

முதலில் அவளிடம் போங்கள். "அந்தப் புடவை நீ விற்றது" என்று சொல்லி, வந்த தொகையை அவள் கையில் கொடுங்கள். கொடுக்காமல் சூப்பர்வைசர் முன் போய் நின்றால், "நீ மட்டும் என்ன செய்தாய்?" என்று அக்கா கேட்கும்போது உங்களுக்குப் பேச்சு வராது.

உங்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பத்தில் மணப்பெண்ணுக்கு ஒரு நிறம் பிடிக்கும், அம்மாவுக்கு வேறொன்று, அத்தைக்கு விலை உறுத்தும். நாற்பது புடவைகளை விரித்து, தோளில் போட்டுக் காட்டி, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து, எல்லாவற்றையும் மறுபடி மடித்து அடுக்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அதன் பிறகு வந்து சீட்டை எழுதிக்கொள்வது அநியாயம்தான். ஆனால் விலை படியாமல் எழுந்தவர்களை அக்காவின் பேச்சு மறுபடி உட்காரவைத்த நாளும் இருந்திருக்கும். அன்றைய விற்பனையில் அவருக்கும் பங்கு உண்டு.

அக்காவிடம் தனியாகப் பேசுங்கள், தேநீர் நேரத்தில். "எப்போதும் நீங்கள் இப்படித்தான்" என்று தொடங்காதீர்கள். "நேற்றுச் சாயங்காலம் அந்த அரக்குப் புடவைச் சீட்டில் உங்கள் எண் இருந்ததே அக்கா" என்று கேளுங்கள். தேதி, நிறம், விலை மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்.

அப்படியும் தொடர்ந்தால் சூப்பர்வைசரிடம் போகலாம். சீட்டில் யார் எண் என்பதைக் கடைதான் தீர்மானிக்க வேண்டும். அதனால் ஆளின் மேல் புகார் சொல்லாமல் விதி ஒன்றைக் கேளுங்கள்: முதல் புடவையை விரித்தவரின் எண்தான் சீட்டில், இன்னொருவர் கைகொடுத்து முடித்தால் இரண்டு எண்களும், தொகை பாதிப் பாதி. தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். நான்கைந்து பேராகப் போங்கள், அந்தப் புதுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு.