டோபமைன் முதல் வெத்திலை வரை: மூளை இரசாயனம், கேள்வி பதில்

கல்முனை, உயர்தர மாணவி: சேர், டோபமைன்தான் சந்தோசத்துக்குரிய இரசாயனம் எண்டு எல்லா வீடியோவிலயும் சொல்றாங்க. சரியா?

இல்லை மகள். அடுத்து என்ன கிடைக்கும் என்ற கணிப்பைத் திருத்துவதே அதன் முக்கிய வேலை. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் நுண்மின்வாய் (மிக மெல்லிய மின்கம்பி) வைத்து, டோபமைன் நரம்புக்கலங்களின் துடிப்பைத் தனித்தனியாகப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் அவை சடாரெனத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் துடிப்பு விளக்குக்கு மாறியது. சாறு வரும்போது புதிதாக ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்தக் கணத்திலேயே துடிப்பு வழமையைவிடக் கீழே இறங்கியது. பீட்டர் டயான், ரீட் மொன்டேகு ஆகியோருடன் சேர்ந்து 1997இல் இதை ஒரு கணிதக் கொள்கையாக வெளியிட்டார்.

ருசியின் இன்பம் வேறு பாதை. மூளை ஆய்வாளர் கெண்ட் பெரிட்ஜின் ஆய்வில், டோபமைன் அழிக்கப்பட்ட எலிகள் வாயில் விட்ட இனிப்பை நாக்கால் நக்கி ரசித்தன. ஆனால் பக்கத்தில் கிடந்த தீனைத் தேடிப் போகவில்லை. ரசிப்பு இருந்தது, தேடிப் போகும் நாட்டம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பழக்கங்களைப் பற்றிப் பேசவே முடியாது.

ஏறாவூர்: மகன் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா போனப் பார்க்கிறான். 'டோபமைன் விரதம்' இருந்தா சரிவருமா?

இன்பம் தரும் பழக்கங்களைச் சில காலம் தவிர்க்கும் அந்த விரதத்தால் டோபமைன் வடிந்துவிடாது. கை கால் அசைக்கவும் அது வேண்டும். சிக்கல் நிச்சயமின்மையில் இருக்கிறது. சாறு கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றிருக்கும்போதுதான், அந்த நரம்புக்கலங்களின் காத்திருப்புத் துடிப்பு உச்சத்தில் இருந்தது என்று 2003இல் ஷுல்ட்ஸின் குழு காட்டியது. போனும் அப்படித்தான்: திறந்தால் ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே அறிவிப்புச் சத்தங்களை நிறுத்துங்கள், பார்க்கும் நேரங்களை முன்கூட்டியே குறியுங்கள், படிக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும்.

அக்கரைப்பற்று: வெத்திலைக்குச் சுண்ணாம்பு இல்லாட்டி ஏன் 'ஏறுறதில்ல'? விடவும் ஏலாம இருக்கு.

பாக்கில் உள்ள அரிக்கோலின் ஒரு காரப்பொருள். சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையைக் கூட்டும்போது அது மின்னேற்றம் இழந்து, கன்னத்தின் உட்தோல் வழியாக இலகுவாக இரத்தத்தில் சேர்கிறது. பிறகு அசற்றைல்கோலின் என்ற இன்னொரு நரம்பு இரசாயனத்தின் வாங்கிகளை, அதாவது அது வந்து ஒட்டும் இடங்களை, தூண்டுகிறது. உமிழ்நீர், வியர்வை, உடம்புச் சூடு, விழிப்பு எல்லாம் அதனால்தான். புகையிலையும் சேர்ந்தால் நிக்கோட்டின் வேறு.

நிறுத்தினால் முதல் சில நாட்கள்தான் கடினம்: எரிச்சல், கவனக்குறைவு, தூக்கக் கெடுதி. பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். முதலில் புகையிலையை விடுங்கள், ஆனால் அத்தோடு நிற்க வேண்டாம். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்தது. இன்றே கண்ணாடி முன் வாயைத் திறந்து மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், அல்லது கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகியிருந்தால், பல் வைத்தியரிடம் தாமதிக்காமல் போங்கள்.

காத்தான்குடி: வாப்பாவுக்குப் பார்க்கின்சன். குளிசை சில நாள் வேலை செய்யுது, சில நாள் இல்ல.

பார்க்கின்சனில் மூளையின் டோபமைன் குறைகிறது. குளிசை லெவோடோபா (மூளையில் டோபமைனாக மாறும் மருந்து) என்றால், எப்போது சாப்பிடுகிறார் என்று பாருங்கள். புரதத்தின் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் உள்ளே ஏற்றிச் செல்லும் ஒரே கடத்தியைத்தான் பிடிக்கின்றன. மீன், இறைச்சி, எருமைத் தயிரோடு குளிசை போட்டால் மருந்து பின்தங்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். குமட்டினால் புரதம் குறைந்த பிஸ்கட் ஒன்று போதும். இரும்புச்சத்துக் குளிசையை இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிறமைட் வேண்டாம், அது டோபமைன் வாங்கிகளை அடைத்து நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கூட்டும். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. சேர்த்துக் கொடுத்தால் அளவு பிடிபடாது. குளிசையைத் திடீரென நிறுத்தவே கூடாது.

செங்கலடி: இரத்தத்தில செரட்டோனின் சோதிச்சா மனச்சோர்வு தெரியுமா?

தெரியாது. செரட்டோனினும் ஒரு மூளை இரசாயனம்தான், ஆனால் உடலில் உள்ளதில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில் உண்டாகிறது. அது மூளைக்குள் புகாது. அந்தச் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மன நோய்ப் பிரிவில் வைத்தியர் பேசித்தான் கணிப்பார்.