ஃபிளக்ஸைக் கழற்றிவிட்டு மேலே படியுங்கள்

கேள்வி: கொடுங்கையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்கு எட்டு அடி இடம் இருக்கிறது. கிழக்கே பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவர். நான்கு பெட்டை, இரண்டு ஆண் என ஆறு காக்கி கேம்பல் வாத்துகள் வளர்க்கிறேன். போன மழைக்காலத்தில் குளிர் அடிக்கக் கூடாதென்று கூண்டைச் சுற்றிப் பழைய ஃபிளக்ஸ் பேனர் கட்டி, உள்ளே நூறு வாட்ஸ் பல்பும் போட்டேன். காலையில் பார்த்தால் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாத்துகளுக்குக் கண்ணில் நீர் வடிந்தது, முட்டை பாதியாகக் குறைந்தது, பக்கத்து வீட்டில் நாற்றம் என்று சண்டை. ஒரு பெட்டைக்கு முதுகில் இறகே இல்லை, அதுவும் குளிரால்தானா? இந்த வருஷம் கூண்டைப் புதிதாகவே கட்டப்போகிறேன். குளிரும் தாக்காமல் காற்றும் வருகிற மாதிரி எப்படிக் கட்டுவது?

பதில்: இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, உங்கள் கூரையில் சொட்டியது அதே தண்ணீர்தான். குளிர் என்று நினைத்து நீங்கள் மூட மூட, உள்ளே ஆறு வாத்துகளும் ஆவியில் வெந்துகொண்டிருந்தன. ஃபிளக்ஸ் இன்னும் கட்டியிருந்தால் முதலில் போய்க் கழற்றிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பேசுவோம்.

சென்னையில் மார்கழி, தை அதிகாலைகூட 20, 21 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் நிற்கும். வாத்தின் உடம்புச் சூடோ ஏறக்குறைய 41, 42 டிகிரி. அடியில் பஞ்சு மாதிரித் தூவி, அதன்மேல் எண்ணெய் பூசிய இறகு. முதுகுப் பக்கம் வால் தொடங்கும் இடத்தில் உள்ள சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து எடுத்துப் பூசிக்கொள்வதைத்தான் இறகு கோதுவது என்கிறோம். போதாக்குறைக்கு, காக்கி கேம்பல் இங்கிலாந்தில் உருவான இனம். அதற்குப் போய் கொடுங்கையூர்க் குளிருக்கு பல்பு போடுவது தேவையில்லாத வேலை. உமியும் சாக்கும் இருக்கிற இடத்தில் நூறு வாட்ஸ் பல்பு தொங்குவது தீ விபத்துக்கும் வழி. குஞ்சுகள் கதை வேறு. முதல் மூன்று நான்கு வாரம் அவற்றுக்குச் சூடு கட்டாயம் வேண்டும், ஆனால் அதற்குத் தனிப் பெட்டி போடுங்கள், பெரிய வாத்துகளின் கூண்டில் வேண்டாம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? மூச்சில் கொஞ்சம், எச்சத்தில் நிறைய. வாத்து எச்சத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்த ஈரத்தில் கிடக்கும் யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அமோனியா கிளம்பும். பெட்டைகளின் கண்ணில் நீர் வடிந்ததும் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்ததும் ஒரே காரணத்தால்தான். நம் மூக்குக்கு அமோனியா தெரியத் தொடங்குவதே 20 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இருபது பங்கு) வாக்கில். பறவைக் கொட்டகையில் 25-ஐத் தாண்ட விடக் கூடாது என்பார்கள். அப்படியானால் நெடி தெரிகிறது என்றாலே எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று பொருள். அதிலும் நாம் நின்றுகொண்டு முகர்கிறோம், வாத்தின் மூக்கு தரையிலிருந்து ஒரு அடியில் இருக்கிறது. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் குந்தி உட்கார்ந்து, வாத்து மட்டத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் கூண்டு சரியில்லை. இதைவிட நல்ல கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வாத்துக் கூண்டுப் படங்களை அப்படியே காப்பியடிக்காதீர்கள். அங்கே குளிர்காலத்தில் குளிர்ந்த வெளிக்காற்றில் இருக்கும் நீராவியின் அளவு மிகக் குறைவு. அது உள்ளே வந்து சூடானதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறிவிடும். அதனால் கூரையடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டாலே போதும். நம் ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றே நனைந்த துணி மாதிரி இருக்கிறது. அது உலர்த்தும் வேலையை அரைகுறையாகத்தான் செய்யும். ஆகவே அவர்களைவிடப் பல மடங்கு பெரிய திறப்பு நமக்கு வேண்டும், அதோடு உள்ளே ஈரம் சேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அளவு. இரவு தங்க ஒரு வாத்துக்கு 4 சதுர அடி வைத்தால் ஆறுக்கு 24. நீங்கள் எட்டுக்கு நாலடி கட்டுங்கள், 32 சதுர அடி கிடைக்கும். எட்டடி தெற்கு வடக்காக, காம்பவுண்டு சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. சுவரோடு ஒட்டிக் கட்டினால் அவர்கள் வீட்டுப் பூச்சு ஊறும், இருக்கிற சண்டை போதும். வடகிழக்குப் பருவமழை பெயருக்கேற்ற திசையிலிருந்துதான் சாரல் அடிக்கும். எனவே வடக்கும் கிழக்கும் முழுச் சுவர், ஹாலோ பிளாக் போதும். தெற்கும் மேற்கும் தரையிலிருந்து இரண்டடி வரை சுவர், அதற்கு மேலே கூரை வரை கம்பி வலை. அந்த இரண்டடி எதற்கு என்றால், தரையில் உட்கார்ந்திருக்கும் வாத்தின் மேல் காற்று நேராக அடிக்கக் கூடாது, அதன் தலைக்கு மேலே போக வேண்டும்.

கூரையின் உயரம் தெற்கே ஆறரை அடி, வடக்கே ஐந்தடி. சூடான ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலேறித் தெற்கு வலை வழியாக வெளியேறும், மழைத் தண்ணீர் வடக்கே விழும். வடக்குச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே நாலு அங்குலம் விடுங்கள், அதற்கும் வலை அடியுங்கள். கூரை தெற்கிலும் மேற்கிலும் இரண்டரை அடி நீட்டிக்கொண்டிருக்கட்டும்; வடக்கிலும் கிழக்கிலும் உங்கள் இடத்துக்குள் நிற்கிற அளவுக்கு நீட்டினால் போதும். கூரை நீளத்தில் மிச்சம் பிடிக்கிற காசை மழைக்காலத்தில் உமி வாங்கியே செலவழிப்பீர்கள். தகரமே போடுவதாக இருந்தால் அதன் மேல் தென்னங்கீற்று வேயுங்கள். இரவில் தகரம் குளிர்ந்தால்தானே ஆவி படிந்து சொட்டும்? கோடையிலும் இந்தக் கீற்றுக்காக வாத்துகள் உங்களை வாழ்த்தும்.

புயல் நாளில் என்ன செய்வது? சென்னைக்குத் தெற்கே புயல் கரையைக் கடந்தால் நமக்குக் கிழக்கிலிருந்து காற்று, சுவர் பார்த்துக்கொள்ளும். வடக்கே கடந்தால் மேற்கிலிருந்து அடிக்கும், அன்றைக்கு உங்கள் வலைப் பக்கம் மாட்டிக்கொள்ளும். அதற்குத் தார்ப்பாய் படுதா வேண்டும், ஆனால் அதைக் கட்டுகிற விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வீட்டு ஜன்னல் திரை மாதிரி மேலே கட்டிக் கீழே தொங்கவிடுவார்கள். பாதி இறக்கினால் என்ன ஆகும்? மேலே அடைத்துக்கொண்டு, கீழே வாத்தின் மீது காற்றடிக்கும். தலைகீழான ஏற்பாடு. கோழிப் பண்ணையில் போய்ப் பாருங்கள், படுதாவின் அடிப்பக்கம் சுவர் மேல் கட்டியிருக்கும், கயிறு போட்டுக் கீழிருந்து மேலே இழுப்பார்கள். எவ்வளவு இழுத்தாலும் உச்சியில் முக்கால் அடி திறந்தே இருக்கும்படி கயிற்றின் நீளத்தை வைத்துவிடுங்கள். அப்போது வீட்டில் யார் பயந்துபோய் இழுத்தாலும் முழுக்க மூட முடியாது. காற்று நின்றதும் அன்றே இறக்கிவிட வேண்டும், இது முக்கியம்.

உங்கள் பகுதியில் தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன தடவை வாசலில் எவ்வளவு ஏறியதோ அதைவிட அரையடி உயரமாகத் தளம் போடுங்கள். சிமென்ட் தளம், நாலடி அகலத்துக்கு ஒரு அங்குலம் மேற்கே வாட்டம். வாத்துக்குக் கால் நோஞ்சான், குதித்து இறங்கினால் நொண்டும். இரண்டடி உயரத் தளம் என்றால் ஆறடி நீளச் சரிவுப் பலகை, குறுக்கே சட்டம் அடித்தது, வேண்டும். தரைக்குக் கம்பி வலை போட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள், பாதம் புண்ணாகும், வேண்டாம்.

தளத்தின் மேல் மூன்று நாலு அங்குலம் நெல் உமியோ மரச்சீவலோ பரப்புங்கள். தென்னை நார்க்கழிவு வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி நின்றால் அந்த இடத்தை வாரிவிட்டுப் புதுசு போடுங்கள். மழைக்காலத்துக்கான உமியை ஆவணியிலேயே மூட்டையாக வாங்கிக் காய்ந்த இடத்தில் வைப்பது நல்லது. ஐப்பசியில் நனையாத உமி கிடைப்பது குதிரைக்கொம்பு.

தண்ணீர்ப் பாத்திரம் கூண்டுக்குள் இருக்கவே கூடாது. வெளியே, நீட்டிய கூரையின் அடியில், ஒரு குழியின் மேல் கம்பித் தட்டு வைத்து அதன்மேல் வையுங்கள். ஆழம் ஐந்தாறு அங்குலம் இருக்க வேண்டும், ஏனென்றால் தலையை முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொண்டால்தான் வாத்துக்குச் சுகம். இரவில் தீனியும் தண்ணீரும் இரண்டுமே வேண்டாம். தீனி இருந்து தண்ணீர் இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். பெரும்பாலான முட்டைகள் விடியலிலிருந்து ஒன்பது மணிக்குள் வந்துவிடும், அதுவரை உள்ளேயே இருக்கட்டும். கண் நீர் இரண்டு மூன்று நாளில் நிற்காவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

வலைக்கு அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு வலைதான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்தது. கோழி வலையைப் பெருச்சாளி கடித்துவிடும், கீரி பிய்த்துவிடும். நம் கடற்காற்றில் ஜி.ஐ. கூடத் துருப்பிடிக்கும், முதலிலேயே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

வெள்ளம் சூழ்ந்தால் வாத்துதானே, நீந்தட்டும் என்று திறந்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்ததையும், கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றதையும் பார்த்தோம். இறகில் எண்ணெய்க் கழிவு ஒட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அப்போதுதான் வாத்துக்கு உண்மையிலேயே குளிரும், நம் 20 டிகிரியே அதைக் கொன்றுவிடும். பழவேற்காட்டுப் பக்கம் வலசைப் பறவைகள் வரும் பருவமும் இதுவே. அவை இறங்குகிற குட்டைகளுக்கு ஓட்டிக்கொண்டு போகாமல் இருந்தால் பறவைக் காய்ச்சல் பயமும் குறையும்.

தீனியை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வாங்குங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு இவற்றில் உள்ள அஃப்ளாடாக்ஸின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது.

கடைசியாக அந்த மொட்டை முதுகுப் பெட்டை. அது குளிரால் வந்ததல்ல. ஐந்தாறு பெட்டைக்கு ஒரு ஆண் போதும், உங்களிடம் நாலுக்கு இரண்டு. இரண்டும் மாறி மாறி மேலேறி மிதித்து அவளுடைய இறகைப் பிடுங்கியிருக்கின்றன. மழையில் நனைந்தால் அந்த மொட்டை இடத்தில்தான் குளிர் இறங்கும். ஒரு ஆணை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். மனசு வராவிட்டால், எட்டடிக் கூண்டில் இரண்டடியை வலையால் தடுத்து, அடுத்த இறகு உதிர்ப்பில் முதுகு மூடும் வரை அவனைத் தனியே வையுங்கள்.