பழைய மின்னஞ்சல் முகவரி என்னவாகும்?

கேள்வி: இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிருக்கிறேன். பழைய நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: ‘@’ குறிக்குப் பின்னால் வரும் பெயர் அந்த நிறுவனத்துக்கே சொந்தம் என்பதால், முகவரியைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல இயலாது. கட்டணம் பெற்றுக்கொண்டோ இலவசமாகவோ அதை நீடிக்க விடுவோரும் உண்டு. இணைப்பைத் துண்டிக்கச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆனாலும், ஜிமெயில் போன்ற தனி முகவரிக்கு மாறிவிடுவதே நல்லது என்பேன். முதலில் வங்கிக் கணக்கில் புதிய முகவரியைப் பதிவு செய்யுங்கள். கடவுச்சொல்லை மீட்பதற்கான இணைப்பு பழைய முகவரிக்கே போகும் என்பதைப் பலரும் அது முடங்கிய பிறகே உணர்கிறார்கள். சேர்ந்திருக்கும் அஞ்சல்களை, தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் இரு கணக்குகளையும் ஐமேப் (அஞ்சல்களை நிறுவனத்தின் சர்வரிலேயே வைத்துக் கையாளும்) முறையில் இணைத்து, புதிய பெட்டிக்கு நகலெடுக்கலாம். அதுவரை பழைய கணக்கு இயங்க வேண்டும்.