கதைப் புத்தகம் வரலாறு ஆகுமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு வயது. வீட்டிலேயே படிக்கிறாள். வரலாற்றுப் பாடநூலைத் திறந்தாலே தூங்கிவிடுகிறாள்; ‘பொன்னியின் செல்வ’னைக் கீழே வைப்பதில்லை. அதை வைத்தே சோழர் வரலாறு சொல்லிக் கொடுக்கலாமா? மாமனார், ‘கதை வேறு, பாடம் வேறு’ என்கிறார்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள் அம்மா. ஆனால் கதையைத் தனியாக விடாதீர்கள், பக்கத்திலேயே ஒரு சான்றையும் வையுங்கள். மயிலாடுதுறையில் வரலாற்று ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க நான் இப்படித்தான் நடத்தினேன்.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை வரைக்கும் அவள் படித்து முடிக்கட்டும். அப்புறம் அணைக்கரை வழியாகக் காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் ஏறுங்கள். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று’ துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த எழுத்தைப் படிக்க வராதே என்று தயங்க வேண்டாம், வாசகம் அச்சில் வந்திருக்கிறது.

நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கதை, வலப்பக்கம் கல்வெட்டு என்று எழுதச் சொல்லுங்கள். ரவிதாசன் இரண்டிலும் வருவான். நந்தினி கதையில் மட்டும்தான். துரோகிகளின் சொத்தைப் பறித்த செய்தி கல்வெட்டில் இருக்கும். எழுதி முடித்ததும், ‘கொலைக்கும் ராஜராஜன் ஆட்சிக்கும் நடுவில் உத்தம சோழன் ஆண்டானே, அப்போது ஏன் தண்டிக்கவில்லை?’ என்று அவளே கேட்பாள். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் விவாதிக்கிற கேள்வி அது! உடனே விடை சொல்லி அதை அடைத்துவிடாதீர்கள்.

பூம்புகாருக்குப் பட்டினப்பாலை போதும். ‘ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்’ வந்து குவிந்த துறைமுகம் அது. சரக்குகளுக்குப் புலி முத்திரை குத்திச் சுங்கம் வாங்கியதும் அந்தப் பாட்டிலேயே வருகிறது. பக்கத்துக் கீழையூரில் அகழாய்வில் செங்கல் படகுத்துறை வெளிப்பட்டது. பாட்டோடு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் டெல்டா ராஜாக்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பதினொன்றாம் வகுப்பு வயதில் கீழ்வெண்மணியைச் சொல்லியே ஆக வேண்டும். கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதைப் பற்றிய ‘குருதிப்புனல்’ நாவலோடு, கூலிப் போராட்டத்தை அது சுருக்கிவிட்டது என்ற விமர்சனத்தையும் சேர்த்தே படிக்கக் கொடுங்கள்.

தேர்வு பற்றிய கவலைக்கு: தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அந்தப் பாடநூலைக் கடைசி சில மாதங்களில் எடுங்கள். மாமனாரையும் உடையார்குடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.