ஒளி வரைபில் நிற்கும் முள்ளை வெட்டலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் உயர்தரம் படிக்கிறேன். வேறு விண்மீன்களின் கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத் தரவில், ஒரு சிறிய சிவப்பு விண்மீனுக்குக் கோள் இருக்கிறதா என்று லைட்கர்வ் மென்பொருளால் தேடுகிறேன். விண்மீனின் பிரகாசம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் ஒளி வரைபில் அங்கங்கே முள் மாதிரி எழுந்து நிற்கிறது. வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டலாம் தம்பி, ஆனால் மேல்பக்கத்தை மட்டும். விலகிய புள்ளிகளை நீக்கும் கட்டளையைச் சும்மா ஓடவிட்டால் மேலும் கீழும் 5 சிக்மாவுக்கு (புள்ளிகளின் வழக்கமான சிதறலைப்போல் ஐந்து மடங்குக்கு) அப்பால் உள்ள எல்லாவற்றையும் தூக்கிவிடும். கோள் விண்மீனுக்கு முன்னால் போகும்போது வெளிச்சம் குறைந்து பள்ளம் விழும்; நீர் தேடுகிற கோள் அந்தக் கீழ்ப்பக்கத்துப் பள்ளத்தில் அல்லவா இருக்கிறது! கீழ் எல்லைக்கு முடிவிலி என்று கொடும்.

அந்த முள்தான் சுடர்வெடிப்பு, விண்மீன் திடீரென்று பளிச்சிடுவது. சில நிமிடத்தில் விறுவிறென்று ஏறும். இறங்கும்போது ஆறுதலாக, சிலவேளை மணிக்கணக்கில் வால் இழுக்கும். கட்டளை தலையைத்தான் வெட்டும், வால் கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்து முழுதாக எடும். அப்புறம்தான் வரைபின் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்கிச் சமப்படுத்த வேண்டும். நான் ஒருமுறை இதைத் தலைகீழாகச் செய்தேன். சமப்படுத்தும் கோடு முள்ளோடு சேர்ந்து மேலே வளைந்தது. முள்ளின் இரு பக்கமும் அழகான பள்ளம்! இரண்டு இரவு, கோள் கிடைத்துவிட்டதென்று துள்ளிக்கொண்டிருந்தேன்.

பள்ளத்துக்குள்ளேயே வெடித்தால்தான் தலையிடி. ஏயூ மைக் என்ற இளம் விண்மீனில் அப்படி நடந்திருக்கிறது. பள்ளம் பாதி நிரம்பி, கோள் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். அதே கோளின் மற்றக் கடப்புகளை, அதாவது அது விண்மீனுக்கு முன்னால் போன மற்றத் தடவைகளை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், பொருந்தாதது எது என்று பிடிபடும்.

இவ்வளவு தொல்லைப்பட்டுச் சிறிய விண்மீனைப் பார்ப்பது எதற்கு? குப்பி விளக்குக்கு முன்னால் ஈ பறந்தாலும் வெளிச்சம் மங்குகிறதே, அதுதான். பூமி சூரியனைக் கடந்தால் மங்குவது 0.0084 சதவீதம். சூரியனின் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு விட்டமுள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்பு விண்மீன் முன்னால் பூமியளவுக் கோள் வந்தால் ஏறத்தாழ 0.6 சதவீதம்.

இன்னொன்று. 30 நிமிட இடைவெளித் தரவு என்றால் முள் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். 2 நிமிடத் தரவு இருக்கிறதா என்று பாரும். டெஸ் பார்ப்பதும் பெரும்பாலும் சிவப்பு ஒளியைத்தான்; புறஊதாவில் பெரிதாக வெடிப்பது அதில் சிறிதாகத்தான் தெரியும். 2019 மே 1 அன்று, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புரொக்சிமா சென்டோரி புறஊதாவில் சில விநாடிக்குள் ஏறத்தாழ 14,000 மடங்கு பிரகாசித்தது. டெஸ் வரைபில் அது சின்ன மேடுதான். உமது வரைபிலும் அப்படியொரு மேடு, முள்ளென்று தோன்றாமலே, ஒரு பள்ளத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கலாம்.