வாசகர் கேள்வி பதில்: போக ஆறே முக்கால், வர ஒன்றே முக்கால்?

கேள்வி: திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். 15-ம் தேதி 01.00 மணிக்குப் புறப்பட்டு 07.45-க்கு இறங்குகிறது. திரும்பும்போது 20.30-க்குக் கிளம்பி 22.15-க்கே திருச்சி வந்துவிடுகிறது. ஒரே தூரத்துக்கு எப்படி இத்தனை வித்தியாசம்? இரண்டு ஊருக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம் என்கிறார் அப்பத்தா.
– வாசகி, தேவகோட்டை

பதில்: போகவும் வரவும் நாலே கால் மணி நேரம்தான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படியும் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முந்தி. போகும்போது ஆறே முக்காலில் இரண்டரையைக் கழியுங்கள். வரும்போது ஒன்றே முக்காலோடு இரண்டரையைக் கூட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே விடைதான்.

அப்பத்தா சொன்னது பழைய கணக்கு. அந்தக் காலத்துக்கு அதுதான் சரி. 1981 முடியும்வரை தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் லண்டனின் கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி முந்தி இருந்தன. நாம் ஐந்தரை. போர்னியோ தீவில் உள்ள தன் மாநிலங்களான சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வரவேண்டும் என்று மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போனவர்கள் காலத்தில் இந்தக் கூடுதல் அரை மணி கிடையாது. அங்கே காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடிவதற்கும் இதுவே காரணம்.

நேரத்தைவிடத் தேதியில் கவனம் வேண்டும். 15-ம் தேதி 01.00 என்றால், 14-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ம் தேதி ராத்திரி என்று நினைத்து விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகச் சுமார் 85 கி.மீ. நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, திருச்சி ஊருக்குள் நுழையுமுன் வந்துவிடும். காருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் தேவகோட்டையிலிருந்து ராத்திரி ஏழேகாலுக்குக் கிளம்பினால் பதற்றம் இல்லை.

கேள்வி: திருச்சி–சிங்கப்பூர் வான்தூரம் 3,000 கி.மீ.க்கும் குறைவு. விமான வேகம் 850 கி.மீ. மூன்றரை மணியில் போய்விட வேண்டாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தூரம் சுமார் 2,980 கி.மீ., நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த வேகம் முப்பதாயிரம் அடிக்கு மேல் ஏறிய பிறகு வருவது. ஏறும்போதும், கடைசி அரை மணி இறங்கும்போதும் வேகம் குறைவு. அதோடு டிக்கெட் நேரம் சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கிய இடத்தில் நிற்கும்வரை எண்ணப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் காத்து நிற்பதும் அதில் அடக்கம். நெரிசலுக்காகக் கொஞ்சம் நேரம் சேர்த்தே அட்டவணை போடுவார்கள். அதனால்தான் சில நாள் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிடுகிறது. அழைத்துவரப் போகிறவர்கள் விமான எண்ணைப் போட்டு இறங்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

காற்றும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கீழைக்காற்று பலமாக வீசும். சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று.

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் போக ஆகும் நேரம் வருவதைவிடக் கூடுதலாக இருக்கிறதே?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: இதற்கு முக்கியக் காரணம் காற்றுதான். நேர்கோட்டில் சுமார் 8,200 கி.மீ. வடக்கே போகப்போக மேற்கிலிருந்து வீசும் காற்று வலுக்கும். குளிர்காலத்தில் இன்னும் அதிகம். போகும்போது அது எதிரே, வரும்போது முதுகில். கடிகாரத்திலும் ஒரு சிக்கல்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நம்மைவிட நாலரை மணி பிந்தி, மற்ற மாதங்களில் ஐந்தரை.