கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குயின்ஸ்டவுனுக்குக் கடற்கரை வழி

வணக்கம். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து நான்கு நாளில் குயின்ஸ்டவுன் போய்ச் சேர வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி, பத்து வயது மகனுக்கோ ஏரியும் மலையும் சலித்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். டெக்கப்போ ஏரி வழியை விட்டுவிடுங்கள். கடற்கரை நகரமான டுனீடின் சுற்றிப் போனால் தூரம் கூடும், ஆனால் உங்கள் பையனுக்கு அதுதான் சரி.

முதல் இரவு ஓமாரு, சுமார் 250 கி.மீ. உலகிலேயே மிகச் சிறிய பென்குயின்கள் இருட்டியதும் அங்கே கடலிலிருந்து கரையேறும். உட்கார்ந்தே பார்க்கலாம், அம்மாவுக்குச் சிரமமில்லை. கம்பளி கட்டாயம்.

மறுநாள் 40 கி.மீ. தள்ளி மொராக்கி. மணலில் ஆள் உயரத்துக்குக்கூட உருண்டைப் பாறைகள் கிடக்கும். யாரும் செதுக்கியதல்ல, கடலடிச் சேற்றில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் மெல்ல மெல்லப் படிந்து திரண்டவை. கடல் உள்வாங்கும் நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் பாதி தண்ணீருக்குள் இருக்கும்.

அப்புறம் டுனீடினில் பால்ட்வின் தெரு. ஏறக்குறைய 35 சதவீதச் சரிவு. காரை ஏற்றாதீர்கள், பையன் நடந்து ஏறட்டும், அம்மா கீழேயே இருக்கட்டும். அங்கிருந்து குயின்ஸ்டவுன் போகிற வழியில் குரோம்வெல்லில் பிரம்மாண்டமான பழச் சிலைகள் உண்டு.

முக்கியமான ஒன்று: நியூசிலாந்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத்தடப் பாலங்கள் அதிகம். பலகையில் உங்கள் பக்க அம்பு சிறியதாக, சிவப்பாக இருந்தால் நின்று எதிர்வண்டிக்கு வழிவிடுங்கள்.